வியாழக்கிழமைக் கப்பல்

பலேர்மோவில், பொலிதேயாமா பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் அந்த எண்ணம் வந்தது. பஸ் வரவில்லை. பலகையில் காட்டிய நிமிடங்கள் நாலிலிருந்து ஏழாக ஏறிக்கொண்டிருந்தன. நான் வழக்கம்போலத் தெருவின் கீழ்க்கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து துறைமுகம் வரைக்கும் தெரு ஒரே நேர்கோடு. கப்பல் வந்து நிற்கும் நாளில் அந்தக் கோட்டின் முடிவில் கடல் தெரியாது. வெள்ளையாய் ஒரு மாடிக் கட்டடம் தெரியும். பத்துப் பன்னிரண்டு தட்டு, ஒவ்வொரு தட்டிலும் வரிசையாகப் பல்கனிகள், சிலதில் காயப்போட்ட துவாய்கள்கூட. பின்னேரம் பார்த்தால் கட்டடம் இருக்காது. இந்த ஊரில் சில வீடுகள் காலையில் வந்து பொழுதுபட முன்னம் போய்விடும் என்று சின்ன வயதில் நான் நம்பியிருந்தேன். இப்போதும் அந்த நம்பிக்கையை முழுதாக விட்டுவிடவில்லை.

கைபேசி அதிர்ந்தது. ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி. என் சொந்தத் தங்கச்சி அல்ல, சின்னம்மாவின் இளைய மகள். அம்மாவுக்கு நேரே இளையவர்தான் சின்னம்மா. உல்லாசக் கப்பல் ஒன்றின் பயண அட்டவணையைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். பார்சலோனா, மார்செய், ஜெனோவா, நாப்போலி. அதற்குக் கீழே பலேர்மோ: வியாழன், காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை. அதற்கடுத்த நாள் முழுவதும் கடலில். கூடவே ஒரு குரல் செய்தி.

"அக்கா, நானும் அம்மாவும் உங்கட ஊருக்கு வாறம். உங்கட வீட்டிலை ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டு அம்மா சொன்னவ. அதுதான் உங்களுக்கு மட்டும் சொல்லுறன்."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

அம்மாவும் சின்னம்மாவும் எட்டு வருடமாகக் கதைப்பதில்லை. சின்னம்மாவின் மூத்த மகளுக்குக் கலியாணம் சரிவந்தபோது அழைப்பிதழைப் படமாக எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார்கள். குழுவில் இருந்த எல்லோரும் பார்த்த அந்தப் படத்தை அம்மாவும் பார்த்தார். தனக்கென்று தனியாக ஒரு தொலைபேசி வரும் என்று இரண்டு கிழமை காத்திருந்தார். வரவில்லை. கலியாணத்தன்று அம்மா வாழ்த்துச் சொல்ல எடுக்கவில்லை. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு குற்றம், சரிக்குச் சரி. அம்மாவிடம் அப்போது கனடா விசாவும் கிடையாது. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க முடியாது. அப்பா அதை ஒருமுறை துணிந்து சொல்லிப் பார்த்தார்.

"போகேலாதது வேறை, கூப்பிடாதது வேறை," என்றார் அம்மா. அப்பா அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

எங்கள் ஆட்களிடம் இதற்கு எழுதாத சட்டம் இருக்கிறது. கோபமாக இருக்கும் இரண்டு வீடுகளில், கூப்பிடுகிறவர் இறங்கிவந்தவர். கூப்பிடாமல் வருகிறவர் அதைவிடவும் இறங்கிவந்தவர். ஊருக்குள் வந்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனால் அது இன்னொரு எட்டு வருடக் கோபத்துக்குப் போதும். அந்தக் கப்பல் பலேர்மோவுக்கு வந்து, சின்னம்மா அதிலிருந்தபடியே எங்கள் ஊரைப் பார்த்துவிட்டுப் போனார் என்று யாராவது ஒரு படம் போட்டால் முடிந்தது. அந்தத் தெருக்கோடியைப் பார்த்தபடி இதை நினைத்தேன். அதற்கு அடுத்த நொடிதான் அந்த யோசனை. சட்டம் வீட்டுக்குத்தானே. வாசல்படி இருந்தால்தானே யார் மிதிப்பது, யார் மிதிக்கச் சொல்வது என்ற கேள்வி. வாசல் இல்லாத ஓர் இடத்தில் இரண்டு பேரையும் கொண்டுபோய் விட்டால் என்ன?

கப்பல் வருவது வியாழக்கிழமை என்பதை அப்போதுதான் திரும்பவும் பார்த்தேன். அம்மா பொலிதேயாமாவுக்குப் பக்கத்தில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஓர் இத்தாலிய எசமானியின், வீட்டில் பத்தொன்பது வருடமாக வீட்டுவேலை செய்கிறார். அந்த வேலையில் இருப்பவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. இத்தாலி முழுக்க அப்படித்தான். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிறு சமையலோடு போய்விடும்; கடல் என்றால் வியாழன் பின்னேரக் கடல். மற்ற நாட்களில் அது இருக்கிறதா என்று நாங்கள் போய்ப் பார்த்ததில்லை.

அன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் நான் கேட்ட விரிவுரை எதுவும் நினைவில்லை. கொப்பியின் நடுப்பக்கத்தில் கரையோரத்தை வரைந்துகொண்டிருந்தேன். வளைகோடு ஒன்று, அதில் ஊர்கள். செஃபலூவுக்கு ஒரு பெரிய பாறை, பகேரியாவுக்குப் பழைய மாளிகையின் மதிலில் நிற்கும் கல் பூதங்கள், அதன் கரைப்பக்கத்து அஸ்ப்ராவுக்கு மணலில் ஏற்றிவைத்த மூன்று படகுகள். ஊருக்கு ஊர் நிமிடங்களை எழுதினேன். எழுதி வெட்டினேன். வெட்டியதை மறுபடி எழுதினேன். எட்டு மணிக்குக் கப்பல். இறங்க ஒரு மணித்தியாலம். மத்திய நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரெயின். செஃபலூவில் பாறை, பாறைக்குக் கீழே கல் பாவிய தெரு, தெருவின் முடிவில் கடல் ஒரு கதவைப் போலத் திறந்திருக்கும். அந்தத் தெருவில் சின்னம்மா எனக்கு முன்னால் நடந்து போவதைப் பார்த்தேன். முகம் தெரியவில்லை. கலியாணப் படங்களில் பார்த்த கொண்டை மட்டும் தெரிந்தது. வெயில் அதில் பட்டு மினுங்கியது. பக்கத்தில் இருந்த பெண் என் முழங்கையைத் தட்டி, விரிவுரையாளர் என்னைத்தான் பார்க்கிறார் என்றாள்.

செஃபலூவில் ஒரு சிக்கல். அம்மா இரண்டு மணிக்கு வேலை முடித்து, ரெயின் எடுத்து அங்கே போய்ச் சேர மூன்றேகால் ஆகும். கப்பலுக்குத் திரும்ப அவர்கள் நாலுக்கே வெளிக்கிடவேண்டும். முக்கால் மணித்தியாலத்தில் எட்டு வருடத்தைக் கதைக்க முடியாது. அதனால் காலையில் செஃபலூ எனக்கும் தங்கச்சிக்கும் சின்னம்மாவுக்கும். மத்தியானம் பகேரியாவில் கல் பூதங்கள். மூன்று மணிக்கு அஸ்ப்ரா. அம்மா அங்கே தற்செயலாக வருவார்.

தங்கச்சியிடம் சொன்னேன்.

"அம்மா கப்பலை விட்டு இறங்கமாட்டன் எண்டுறா, அக்கா. பலேர்மோவிலை கால் நோகுமாம்."

"பலேர்மோவிலை எண்டு இப்பவே தெரியுமோ?"

"ஓம். மார்செய்யிலை நோகாதாம். நாப்போலியிலையும் நோகாதாம்."

"கல்லாலை செய்த பூதங்கள் இருக்கெண்டு சொல்லு."

"பூதத்தைப் பாக்கவோ அவ்வளவு காசு கட்டினனான் எண்டு கேப்பா." ஆனால் இரண்டு நாள் கழித்து எழுதினாள்: "பூதம் எத்தினை எண்டு கேட்டவ."

ஒத்திகை பார்க்காமல் எனக்கு எதுவும் சரிவராது. கப்பலுக்கு இரண்டு கிழமை முன்னம், ஒரு வியாழன் பின்னேரம், காற்று வாங்கப் போவோம் என்று அம்மாவை அஸ்ப்ராவுக்குக் கூட்டிப்போனேன். ரெயினில் இறங்கியதும் கைபேசியில் நேரம் பார்த்தேன். உள்ளூர் பஸ்ஸில் ஏறியபோது பார்த்தேன். இறங்கியபோது பார்த்தேன். அம்மாவின் முழங்காலுக்கு எத்தனை நிமிடம் கூடுதலாக வேண்டும் என்று கொப்பியில் எழுதினேன்.

"உதென்ன நிமிசத்துக்கு நிமிசம் எழுதுறாய்?"

"படிப்புக்கு."

"நான் நடக்கிறது உங்களுக்குப் பாடமோ?"

கரையில் ஆள் குறைவு. ஒரு கிழவர் தன் படகுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்து கடலுக்கு மேலே ஒரு மெல்லிய தூசிபோல நின்றது. எது தண்ணீர், எது வெளிச்சம் என்று பிரித்தறிய முடியாத நேரம். மணலுக்கு மேலே இடுப்புயர மதில் ஒன்று ஓடியது. அம்மா அதில் ஏறி உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி, கால்களைத் தொங்கப்போட்டார். வீட்டில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிறகு கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவள் எத்தினை மணிக்கு இறங்குறாள்?"

நான் கொப்பியை மூடினேன். அப்பாவிடம் மட்டுந்தான் சொல்லியிருந்தேன். அப்பாவிடம் ஒன்றைச் சொல்வதும் எங்கள் குசினி யன்னலைத் திறந்துவைத்துக் கத்துவதும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

"எட்டு மணிக்கு."

"நான் அவளைக் கூப்பிடமாட்டன்."

"கூப்பிடவேண்டாம்."

"கூப்பிடாமல் அவள் என்ரை வீட்டை வரமாட்டாள். எனக்குத் தெரியும் அவளை."

"வீட்டை வரவேண்டாம். நீங்கள் வியாழக்கிழமை பின்னேரம் இஞ்சை காத்து வாங்க வருவியள். அவையும் வருவினம். கரைதானே அம்மா, ஆரும் வரலாம்."

அம்மா அதை யோசித்தார். கிழவர் தூரிகையைத் தகரத்தில் தட்டினார்.

"கடற்கரைக்கு வாறதுக்கு ஆர் ஆரைக் கூப்பிடுறது," என்றார் கடைசியில், யாருக்கென்றும் இல்லாமல். பிறகு தனக்குப் பக்கத்தில் மதிலைக் கையால் துடைத்தார். மணலைத் தட்டிவிட்டு, விரித்த உள்ளங்கையால் இரண்டு சாண் அளந்தார். "இது ரெண்டு பேருக்குக் காணும். நீங்கள் இளசுகள் கீழை மணலிலை இருங்கோ."

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் கப்பலைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் அம்மா வேலையால் வரும்போது தெருக்கோடியில் நிற்கும் கப்பல்களைப் பார்த்துவிட்டு வந்தார். "இண்டைக்கு நிண்டது சின்னன்" என்பார், சோற்றைப் போட்டபடி. செவ்வாய்க்கிழமை ஆட்டிறைச்சி வாங்கினார். புதன் பின்னேரம் முப்பது இறைச்சி ரோல்ஸ் சுற்றிப் பொரித்தார். சின்னம்மாவுக்கு மிளகு கூடப் போட்டால்தான் பிடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒன்றைக் கடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பா தட்டை நோக்கிக் கை நீட்டினார்.

"அது காத்து வாங்கேக்கை தின்னுறதுக்கு," என்றார் அம்மா.

வியாழன் விடிந்தபோது காற்று அடித்தது. தெற்கிலிருந்து வரும் ஷிரோக்கோ. சூடும் மணலுமாக வானத்தை மஞ்சளாக்கிவிடும். நான் ஏழரைக்கே பொலிதேயாமாவில் நின்றேன். பனைமரங்கள் ஒரே பக்கமாக வளைந்து நின்றன. தெருக்கோடியில் வெள்ளைக் கட்டடம் இல்லை. அந்த இடத்தில் கடல் தெரிந்தது. அது அவ்வளவு அகலம் என்று நான் கவனித்ததே இல்லை. எட்டு. எட்டரை. வெகுதூரத்தில், மஞ்சள் மங்கலுக்குள், சீனிக்கட்டி அளவில் ஒன்று நின்றது, கொஞ்சம் வந்தது, திரும்பவும் நின்றது.

ஒன்பதுக்குக் குரல் செய்தி. "அக்கா, காத்து கூடவாம். உள்ளுக்குப் போகேலாது எண்டு அறிவிச்சிட்டினம். இஞ்சை இண்டைக்கு நிக்காது. நாளைக்குக் கடலிலை நிக்கிறதை மாத்தி மெசினாவிலை நிக்குமாம், பத்து மணியிலையிருந்து அஞ்சு மணி வரைக்கும். சொறி அக்கா."

நான் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். செஃபலூ, பூதங்கள், மூன்று மணி. காற்று அந்தப் பக்கத்தைப் படபடவென்று அடித்தது. வரைந்த கரையோரம் முழுவதும் என் கைக்குள் நடுங்கியது. இதை அம்மாவிடம் தொலைபேசியில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிஞ்ஞோராவின் வீடு இரண்டு தெரு தள்ளி, ஆறாம் மாடி. போனேன்.

அம்மா குசினிப் பல்கனிக் கதவைச் சாத்தி, அதன் கண்ணாடிக்கு நேரே அயன் மேசையைப் போட்டு நின்றார். அங்கிருந்து துறைமுகம் முழுவதும் தெரியும். மேசையில் ஒரு தலையணை உறை. அதை எத்தனையாவது தடவையாக அயன் பண்ணுகிறாரோ, கத்தி மாதிரி மடிப்பு.

"அதுதானே அவையின்ரை கப்பல்?" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

"ஓம்."

"உள்ளுக்கு வராது, என்ன?"

"வராதாம்."

அவர் அயனை நிமிர்த்தி வைத்தார். கண்ணாடிக்குக் கிட்டப் போனார்.

"ஆடுதே?"

"இஞ்சையிருந்து தெரியேல்லை."

"ஆடும். உந்தக் காத்துக்கு ஆடாமல் என்ன செய்யும். அவளுக்குச் சத்தி வந்திருக்கும். பஸ்ஸிலையே சத்தி எடுக்கிறவள். உவளை ஆர் கப்பலிலை ஏறச் சொன்னது?" கையை என் பக்கம் நீட்டினார். "எடு."

"ஆருக்கு?"

"விசர்க் கேள்வி கேக்காதை பிள்ளை. எடுத்துத் தா."

தங்கச்சியின் எண்ணை அழுத்திக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் தங்கச்சி என்ன சொன்னாளோ தெரியாது. "அம்மாவிட்டைக் குடு" என்று மட்டும் அம்மா சொன்னார். பல்கனிக் கதவு காற்றுக்கு மெல்ல அதிர்ந்தது. சீனிக்கட்டி மஞ்சளுக்குள் மறைந்து, திரும்பத் தெரிந்தது. அதற்குள் எங்கேயோ, ஒரு சின்ன அறையில், ஒரு பெண் கைபேசியைக் காதில் வைத்தபடி இருக்கிறார் என்பதை என்னால் நம்பமுடியவில்லை. கனவில் தெரியும் வீடுகளுக்குள் ஆட்கள் இருப்பார்கள் என்று நாம் எண்ணுவதில்லை.

"சத்தி எடுத்தியே?" என்று கேட்டார் அம்மா.

எட்டு வருடத்துக்குப் பிறகு முதற்சொல் அதுதான், வாந்தியைப் பற்றி. நான் பக்கத்தில் போய்க் காதை வைத்தேன்.

"ரெண்டு தரம், அக்கா."

"ஒண்டும் சாப்பிடாமல் கிடவாதை. இஞ்சித் துண்டு ஒண்டு கேட்டு வாங்கி வாயிலை வை. கப்பலிலை இஞ்சி இல்லாமலே இருக்கும்?"

"கேக்கிறன்."

"கடலைப் பாக்காதை."

"யன்னலாலை வேறை என்னத்தைப் பாக்கிறது, அக்கா? சுத்திவரக் கடல்தான்." கொஞ்சம் பொறுத்து: "உங்கட ஊர் மஞ்சளாத் தெரியுது."

"அது மண் காத்து. மற்ற நாளிலை வடிவு." அம்மா சேலைத் தலைப்பைத் தேடுவதுபோல ஏப்ரனின் நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். "நாளைக்கு மெசினாவாமே."

"ஓமாம்."

இனி இறங்கிவருவது யாருடைய முறை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"நாளைக்கு நான் அங்கை வாறன்," என்றார் அம்மா.

"நான் கூப்பிடேல்லை எண்டு பிறகு சொல்லுவியள்."

"சொல்லுவன்தான். உன்ரை முகத்துக்கு நேரை சொல்லத்தானே வாறன்."

மறுபக்கத்தில் சின்னம்மா சிரித்தாரா, அழுதாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தங்கச்சி பிறகு எழுதினாள், இரண்டும் என்று. மூன்றாவதாகச் சத்தியும் என்று.

ஆனால் நாளைக்கு வெள்ளிக்கிழமை. வேலை நாள். இந்தப் பத்தொன்பது வருடத்தில் பிள்ளைப்பேறு, ஆஸ்பத்திரி, வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்குப் போவது தவிர அம்மா ஒரு வேலை நாளைக் கேட்டதில்லை. சிஞ்ஞோரா முன்னறையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஏப்ரனை நேராக்கிக்கொண்டு போனார். நான் குசினி வாசலில் நின்று கேட்டேன். அம்மாவின் இத்தாலியன் எப்போதும் குனிந்துதான் நடக்கும். அன்றைக்கு நிமிர்ந்திருந்தது. நாளைக்கு என் தங்கச்சி மெசினாவுக்கு வருகிறாள், எட்டு வருடமாக அவளோடு கதைக்கவில்லை, நான் வேலைக்கு வரமாட்டேன். இவ்வளவுதான். சிஞ்ஞோரா கண்ணாடியைக் கழற்றினார். தன் தங்கையோடு தான் பதினொரு வருடம் கதைக்காமல் இருந்ததாகவும், அதற்குள் அவள் செத்துப்போனதாகவும் சொன்னார். பிறகு, அப்படியென்றால் நாளைய துணிகளை இன்றைக்கே முடிக்கமுடியுமா என்று கேட்டார்.

அம்மா தன் வியாழன் பின்னேரத்தைக் கொடுத்து வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொண்டார்.

அவர் வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி. காற்று விழுந்திருந்தது. வானம் திரும்பவும் நீலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் கொப்பியில் புதுப்பக்கம் எடுத்திருந்தேன். ஸ்தாசியோனே சென்ட்ராலேயிலிருந்து காலையில் முதல் ரெயின். மூன்று மணித்தியாலம். இடப்பக்க யன்னல், ஏனென்றால் கடல் வழிநெடுக அந்தப் பக்கம். பகேரியா, செஃபலூ, எனக்குப் பெயர் தெரியாத சின்னச் சின்ன நிலையங்கள் எல்லாம் அம்மாவின் முகத்துக்கு நேரே ஒவ்வொன்றாக வந்து போகும். சின்னம்மாவுக்குக் காட்ட நினைத்த கரையோரத்தை அம்மாதான் முதலில் பார்க்கப்போகிறார், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில். மெசினாவில் நிலையத்திலிருந்து துறைமுகம் நடை தூரம்.

அம்மா கைப்பையை வைக்க முன்னம் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். ரோல்ஸ் தட்டைப் பார்த்தபடி நின்றார்.

"நாளைக்கு வெள்ளி," என்றார். "நானும் மச்சமாமிசம் தின்னமாட்டன். அவளும் தின்னமாட்டாள்."

"கப்பலிலை அவ வெள்ளி பாப்பாவே?"

"அவள் சந்திரனுக்குப் போனாலும் வெள்ளி பாப்பாள்." தட்டைத் தூக்கி அப்பாவுக்கு முன்னால் வைத்தார். முப்பது ரோல்ஸ். அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். புதன்கிழமையிலிருந்து அவர் இதற்காகத்தான் காற்றை வேண்டிக்கொண்டாரோ என்னவோ. "பிள்ளை, உருளைக்கிழங்கை அவியப்போடு. லீக்ஸ் இருக்கே? மரக்கறிப் பற்றிஸ் செய்வம்."

கிழங்கு அவியும் ஆவியில் யன்னல் கண்ணாடி மங்கியது. நான் தோல் உரித்தேன். அம்மா மாவைக் குழைத்து வட்டங்களாக வெட்டினார். நான் மடிப்பு வைத்த முதல் மூன்றும் வாயைத் திறந்துகொண்டன. அம்மா அவற்றைத் திரும்ப மூடினார். ஆறாவது வட்டத்தில் அம்மாவின் கை நின்றது.

"அங்கை இருக்க ஒரு மதில் இருக்குமே? அஸ்ப்ராவிலை மாதிரி?"

மாவுக் கையோடு கைபேசியை எடுத்தேன். மெசினாவின் கரையைப் படத்தில் பெரிதாக்கினேன். துறைமுகம், கொடிக்கம்பம், வரிசையாக மரங்கள். மேலேயிருந்து பார்த்தால் மதில் தெரியாது. ஒரு கோடுதான் தெரியும். கோடு எந்த உயரம், காற்றுக்கு மறைவா, முழங்கால் நோகிறவர் ஏறி உட்காரலாமா என்பதைப் படம் சொல்லவில்லை. நாளைக்குக் காலை ஒன்பதரைக்குள் போய் இறங்கினால் கப்பல் வர அரை மணித்தியாலம் இருக்கும். அம்மாவை நிலையத்து வாங்கில் பற்றிஸோடு உட்காரவைத்துவிட்டு, ஓடிப்போய் இரண்டு பேர் உட்காரப் போதுமான ஒரு மதிலைத் தேடிப் பிடிக்கவேண்டும்.